வாங்காதே என்ற டிஸ்க்தான் இன்னும் ஓடுகிறது

பாளையங்கோட்டையில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2006லிருந்து பதினோரு ஹார்ட் டிஸ்க் வாங்கியதில் நான்கு போய்விட்டன.

முதல் டிஸ்க் வாங்கும்போதே திருநெல்வேலி ஜங்ஷனில் சர்வீஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சி எச்சரித்தார். "ஹிட்டாச்சியா? அது பழைய ஐபிஎம் சரக்குல்லா, கிட்ட போயிராதிய!" காரணம் இல்லாமல் இல்லை. 2000ல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்ற டிஸ்க் மாடல் வரிசையாகப் படுத்ததில் அதற்கு 'டெத்ஸ்டார்' என்றே பட்டப்பெயர் விழுந்தது, கோர்ட்டு வரை போனது. ஐபிஎம் அந்தத் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்றபோது கெட்ட பெயரும் கூடவே போனது. அப்போது எல்லோரும் கைகாட்டியது சீகேட் கம்பெனியை. ஐந்து வருஷ வாரண்டி கொடுத்த காலம். 2009ல் அவர்களுடைய பாரகுடா 7200.11 மாடலுக்கு ஃபர்ம்வேரில், அதாவது டிஸ்க்கை இயக்க அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், கோளாறு வந்தது. உள்ளே டேட்டா பத்திரமாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் டிஸ்க்கையே கண்டுகொள்ளாது. அத்தோடு காற்று திரும்பியது.

என் கதைக்கு வருகிறேன். 2012, கரண்ட் போய்ப் போய் வந்த வருஷம். யுபிஎஸ் பேட்டரியும் செத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் 'கிடுக் கிடுக்' என்று சத்தம். மேலப்பாளையம் கல்யாணம் ஒன்று முழுசாகப் போச்சு. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லோரும் மெச்சிய கம்பெனிதான். பெண் வீட்டாரிடம் சொல்லப் போன அந்தச் சாயங்காலத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும். புதுசு வாங்கலாமென்றால், முந்தின வருஷத் தாய்லாந்து வெள்ளத்தில் அங்கிருந்த ஃபாக்டரிகள் மூழ்கி விலை ஏறிக் கிடந்தது. கடையில் இருந்தது ஹிட்டாச்சி மட்டுமே. வேறு வழியில்லாமல் வாங்கினேன். முப்பதாயிரம் மணி நேரம் தாண்டியும் ஒரு செக்டர்கூட, அதாவது டேட்டா எழுதும் சின்னத் துண்டு ஒன்றுகூட, கெடவில்லை.

2014ல் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தான் ஓட்டும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளில் எது எவ்வளவு கெடுகிறது என்ற கணக்கை வெளியிட்டது. அதில் நல்ல பெயர் வாங்கியதும் ஹிட்டாச்சிதான்! சீகேட்டில் 3 டிபி (டெராபைட்) மாடல் ஒன்று மோசம், அதே கம்பெனியின் 4 டிபி பரவாயில்லை. ஆக, கம்பெனியைவிட மாடலைத்தான் பார்க்கணும். அதற்குள் ஹிட்டாச்சி டிஸ்க் தொழில் வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற இன்னொரு டிஸ்க் கம்பெனி கைக்கும் போய்விட்டது.

இப்போது ஒவ்வொரு கல்யாணத்தையும் இரண்டு வேறு கம்பெனி டிஸ்க்கில் ஏற்றுகிறேன். 2023 டிசம்பரில் ஜங்ஷனே தண்ணீரில் நின்றதைப் பார்த்தபின், மூன்றாவது பிரதி அம்பாசமுத்திரத்தில் மச்சான் வீட்டு பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில். போன மாதம் அண்ணாச்சியைப் பார்த்தேன். இப்போது வேறொரு கம்பெனியைச் சொல்லி, "கிட்ட போயிராதிய" என்கிறார்.