இம்ப்ளான்ட் பல்லு கட்டப் போறீங்களா, அபட்மென்ட் எதுல செஞ்சதுன்னு கேக்காம காசு குடுத்துறாதீங்க

நெல்லைக்காரங்க கொஞ்சம் படிச்சிருங்க, வீட்ல பெரியவங்களுக்கு பல்லு கட்ட இருக்கவங்க முக்கியமா. எங்கப்பாவுக்கு கீழ்க் கடைவாப்பல்லு எடுத்த எடத்துல வண்ணார்பேட்டை பக்கம் ஒரு கிளினிக்ல இம்ப்ளான்ட் வச்சோம். எலும்புக்குள்ள வச்ச டைட்டானியம் நல்லாவே பிடிச்சுட்டு, அதுல நான் குறை சொல்லல. அதுக்கும் மேல பல்லு மாதிரி மூடுற கேப்புக்கும் நடுவுல, ரெண்டையும் சேக்குற துண்டா ஒரு அபட்மென்ட் மாட்டுவாங்கல்லா, வெனை அங்கதான்.

"புது டெக்னாலஜி, மெட்டலே கெடயாது, பீக்குங்கிற பாலிமர், எலும்பு மாதிரியே லேசா வளைஞ்சு குடுக்கும்"னு சொன்னாவ. வாங்குனது டைட்டானியம் ரேட்டு. பில்லுல இம்ப்ளான்ட், கேப்புன்னு ஒத்த வரி, அவ்வளவுதான்.

வருசம் திரும்பல, கேப் ஆட ஆரம்பிச்சுட்டு. போனா டைட் பண்ணி அனுப்புவாவ, மறுபடி ஆடும், மறுபடி போவோம். கடைசில சொதியும் சோறும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேப் கழண்டு கையில வந்துட்டு. சொதியில கடிக்க என்ன இருக்கு? "பனங்கெழங்கு, முறுக்குன்னு கடிச்சிருப்பீங்க, வாரண்டி கெடயாது"ன்னு அப்பா மூஞ்சிக்கு நேராவே சொல்லுதாவ. அப்பா ஒண்ணும் பேசாம தலைய குனிஞ்சுட்டு இருந்தாவ, எனக்கு அதுதான் தாங்கவே முடியல.

பாளையங்கோட்டைல வேற டாக்டர்ட்ட காட்டுனோம். அவரு கேப் மாட்டுன அன்னைக்கு எடுத்த பழைய எக்ஸ்ரேய பாத்த ஒடனே சொல்லிட்டாரு. இம்ப்ளான்ட் வெள்ளையா தெரியுது, அபட்மென்ட்ட இம்ப்ளான்ட்டோட பிடிச்சு வைக்க உள்ள ஓடுற ஸ்க்ரூ மெல்லிசா தெரியுது, அதைச் சுத்தி அபட்மென்ட் இருக்க வேண்டிய எடம் காலியா கெடக்கு. வெறும் பீக் எக்ஸ்ரேல தெரியாது.

டைட்டானியத்தோட விறைப்பு கிட்டத்தட்ட 110 கிகாபாஸ்கல் (விறைப்ப அளக்குற அலகு), வெறும் பீக் 4-ஐ ஒட்டித்தான் வரும், எலும்போட மேல்பகுதியே அதைவிட பல மடங்கு கெட்டி. எலும்பு அளவுக்கு வரணும்னா கார்பன் ஃபைபர் கலக்கணும், அது கருப்பா இருக்கும். அப்பா வாயில இருந்தது வெள்ளை. அது ஒவ்வொரு கடிக்கும் வளைய வளைய பாரம் பூரா ஸ்க்ரூ மேல எறங்கி, மொதல்ல லூசாகி பொறவு ஒடஞ்சிருக்கு. பல கம்பெனிகள் இத டெம்பரரின்னுதான் விக்குது, 180 நாளுக்கு மேல வாயில வைக்கக் கூடாதுன்னு கையேட்டுலயே போட்டிருக்கு! தையல் ஆறுற வரைக்கும், முன்பல்லுல கொஞ்ச நாளைக்குன்னா நல்ல பொருளுதான், நான் இல்லன்னு சொல்லல. கடைவாப்பல்லுல நெரந்தர கேப்புக்கு அடியில வச்சுட்டு, இது டெம்பரரின்னு சொல்லாம விட்டதுதான் அநியாயம்.

உள்ள ஒடஞ்சு நின்ன ஸ்க்ரூ துண்ட அல்ட்ராசானிக் முனை வச்சு மெதுவா சுத்தி எடுத்தாரு அந்த டாக்டர், நல்லவேளை இம்ப்ளான்ட் தப்பிச்சுட்டு. இப்ப டைட்டானியம் அபட்மென்ட், டார்க் ரெஞ்சு வச்சு அளந்து முறுக்கியிருக்காரு. கேப்புக்கு மறுபடியும் காசு, அது தனி.

நீங்க போனா அபட்மென்ட் என்ன பொருள், டெம்பரரியா பெர்மனென்டான்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, டப்பால வார லாட் நம்பர் ஸ்டிக்கரையும் கேளுங்க, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியா இருக்கும். கேப் மாட்டுனதும் எக்ஸ்ரே காப்பி கையில இருக்கணும். நாங்க ஒடஞ்ச துண்டு, பழைய எக்ஸ்ரே, பில்லு எல்லாத்தையும் வச்சு நுகர்வோர் கோர்ட்டுல மனு போடுதோம். குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்கு ஃபீஸ் கெடயாது, ஆனா 2 வருசத்துக்குள்ள போட்டுரணும்.