லாரிக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டப் போகிறவர்கள் படியுங்கள், எனக்கு 18,500 ரூபாய் போச்சு

செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது. இப்போதும் கேபின் கதவைத் திறந்தால் வயர் கருகின வாடைதான். அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், பேச்சு முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் புனலூர், கொல்லம் என்று ஓடுகிற ஆறு சக்கர லாரி என்னுடையது. ராத்திரி ஓட்டத்துக்குப் பாட்டு வேண்டும். பழைய ஸ்பீக்கர் கிழிந்துபோனதால், சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரோடு புதுசாகவே மாட்டிவிடலாம் என்று, போன மாதக் கடைசியில் நெல்லையில் வண்டிகளுக்கு ஆடியோ மாட்டுகிற ஒரு கடைக்குப் போனேன்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தார் கடைக்காரர். என் ஊரைச் சொன்னதும், அங்கேதான் தன் அத்தை வீடு என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம வண்டி 24 வோல்ட்டுல்லா, ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட்டாச்சே?" என் தோளைத் தட்டினார். "அத நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க பாட்டு கேக்குத வேலைய மட்டும் பாருங்க." அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். ஜிபேயில் 10,000, கையில் 8,500, மொத்தம் 18,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் ராத்திரி புளியரை தாண்டி மலை ஏறும்போது பாட்டு கரகரத்து நின்றது. இரண்டு வளைவு போவதற்குள் காலடியில் புகை. வண்டியை ஓரங்கட்டினேன். கிளீனர் பையன் ஸ்பேனரோடு ஓடிப்போய்ப் பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரைக் கழற்றினான். அவன் கையெல்லாம் கொப்புளம். ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் அவன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

காலையில் செங்கோட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பிரித்துக் காட்டினார். கேபின் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் இல்லாமல் அப்படியே வயரை நுழைத்திருக்கிறார்கள். தகட்டு விளிம்பு உரசி உரசி வயர் தோலை அறுத்துவிட்டது. பேட்டரி பக்கத்தில் ஒரு ஃப்யூஸ் இருந்திருந்தால் உடனே அது போய் வயர் தப்பியிருக்கும். அதுவும் இல்லை. வயரைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

24 வோல்ட்டை 12 ஆக்குகிற கன்வெர்ட்டரே போடவில்லை. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்கிறார்கள். "ரெட்டை மாட்டு வண்டியில ஒத்த மாட்டையே போட்டு அடிச்ச மாதிரி" என்றார். எஞ்சின் ஓட்டத்தில் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றும். அதனால் ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற பேட்டரி தேறாது, இன்னொன்று அளவுக்கு மீறி சார்ஜாகித் தண்ணீர் வற்றும். பேட்டரி மூடியைத் திறந்தார், தண்ணீர் வற்றி உள்ளே இருக்கிற ஈயத் தகடு வெளியே தெரிந்தது. இரண்டு பேட்டரியும் கடன் சொல்லி மாற்றியிருக்கிறேன். அது அந்த 18,500 ரூபாயில் சேராது.

கடைக்குப் போனேன். முதல் நாள், "முதலாளி மதுரைக்குப் போயிருக்காக." மறுநாள் அவரே இருந்தார். அண்ணாச்சி என்கிற வார்த்தையைக் காணோம். "லாரின்னா ஆட்டம் இருக்கும், வயர் உரசத்தான் செய்யும். நீங்க சவுண்ட கூட்டி வச்சிருப்பீய." சீட்டை நீட்டினேன். "இதுல கடை பேரு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. நேற்றிலிருந்து போனும் எடுப்பதில்லை. 18,500 ரூபாய் ஐயா, எத்தனை ராத்திரி கண்முழித்த காசு!

எப்படி மாட்ட வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், சட்டென்று சொல்லிவிடுகிறேன். 24 வோல்ட் வண்டி என்றால் கன்வெர்ட்டரைக் கண்ணால் பாருங்கள், ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற ஆம்பியரை அது தாங்குமா என்றும் கேளுங்கள். பேட்டரியிலிருந்து இரண்டு சாணுக்குள் ஃப்யூஸ் வேண்டும். ஓட்டைக்கு ரப்பர் புஷ் வேண்டும். உள்ளேயும் செம்புதானா என்று வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். எர்த் வயரைப் பெயிண்ட் மேலேயே முடுக்க விடாதீர்கள். மெத்தைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரை வைக்காதீர்கள், சூடாகிவிடும். கடைப் பெயர் அச்சடித்த பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

திங்கள்கிழமை நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடப் போகிறேன். 10,000க்கு ஜிபே சாட்சி இருக்கிறது. மீதி 8,500க்கு அந்தத் துண்டுச் சீட்டுதான்.