பின்சீட்டோடு பேச எந்த இன்டர்காம் வாங்கலாம்?

பைக்கில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு அடிகூட இருக்காது. ஆனால் ஹெல்மெட்டில் பொருத்திக்கொண்டு பேசும் கருவியான இன்டர்காமை விற்பவர்கள் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடுவது 800 மீட்டர், 1,200 மீட்டர் என்ற தூரக் கணக்கைத்தான். அதுவும் நடுவில் மரமோ வளைவோ இல்லாத வெட்டவெளிக் கணக்கு. ஒரே வண்டியில் போகிற இருவர் அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஓடும் வேகத்தில் குரல் கேட்கிறதா, மழையில் நனைந்தால் பிழைக்குமா, இரண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு ஆகிறது, இந்த மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலில் செலவே இல்லாத வழி. ஆளுக்கு ஒரு இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு, போனில் ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசிக்கொண்டே போவது. ஊருக்குள் இது ஒப்பேறும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் உங்களோடு கூடவே வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும்போது இயர்பட்ஸ் பிய்ந்துகொண்டு வரும். ஒரு மணி நேரத்தில் காதும் வலிக்கும். அதோடு காதை அடைத்துவிட்டால் பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காது. எப்போதாவது பக்கத்து ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சரி.

அடுத்தது, பெரும்பாலானவர்கள் வாங்குவது: சீனத் தயாரிப்பு புளூடூத் செட்டுகள். ஈஜியாஸ் வி6, ஃப்ரீட்கான் டி-காம் வரிசை போன்றவை. ஒன்றின் விலை ஏறக்குறைய 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் அடங்கும். வி6-இல் ஆறு பேர் வரை இணையலாம் என்று போட்டிருக்கும். ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். குழுவாகப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம், நமக்கு இது போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வரை குரல் தெளிவாக வரும். 80-ஐத் தாண்டினால் மைக் காற்றையும் சேர்த்து அனுப்பும். இன்னொன்று, விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் பேச ஆரம்பித்தால் பாட்டு நின்றுவிடும், பேசி முடித்ததும் தானாகத் திரும்பியும் வராது. சிலவற்றில் குரல் கேட்டால் மட்டும் மைக் திறக்கும் வசதி இருக்கும். அதில் முதல் எழுத்து வெட்டுப்படும். பின்னாலிருந்து "நிறுத்து" என்றால் முன்னால் "றுத்து" என்றுதான் கேட்கும். மைக் எப்போதும் திறந்தே இருக்கும் மாடலே இருவருக்கு வசதி.

மூன்றாவது, பெயர் பெற்ற கம்பெனிகளின் அடிமட்ட மாடல்கள். கார்டோ ஸ்பிரிட், சேனா 3எஸ் பிளஸ் இரண்டுமே இருவர் மட்டும் பேசுவதற்கென்றே வந்தவை. ஸ்பிரிட்டின் தூரம் 400 மீட்டர்தான். சீன மாடலின் பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் ஏழையாகத் தெரியும். ஆனால் அது ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்பது கணக்கு. பேட்டரி 10 மணி நேரம், சார்ஜ் டைப்-சி, மென்பொருளைச் செயலி வழியே புதுப்பிக்கலாம். ஸ்பிரிட் எச்.டி.யில் ஸ்பீக்கர் 40 மி.மீ., பேட்டரி 13 மணி நேரம். சேனா 3எஸ் பிளஸ் ஹெல்மெட்டுக்கு வெளியே துருத்தாமல் உள்ளேயே அடங்கிவிடும். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு டீக்கடைக்குள் போகிறவர்களுக்கு அது ஒரு நிம்மதி. இரண்டிலும் உறுத்துவது விலைதான். ஜோடியாக வாங்கினால் சீன செட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

மெஷ், அதாவது பல கருவிகள் வலைபோல ஒன்றோடொன்று இணையும் முறை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரின் புளூஆர்மர் சி30, கார்டோவின் பேக்டாக் எல்லாம் பத்து வண்டி வரிசையாகப் போகும்போது, நடுவில் ஒருவர் விலகினாலும் பேச்சு அறாமல் இருப்பதற்காகச் செய்தவை. பின்சீட்டுக்காக மெஷ் வாங்குவது ஊசி விழுந்ததைத் தேட ஜே.சி.பி. கூப்பிடுவது மாதிரி.

உண்மையில் மாடலைவிட ஹெல்மெட்தான் பாதியைத் தீர்மானிக்கிறது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நம் ஊரில் ஓட்டுபவர் ஃபுல் ஃபேஸ் போட்டிருப்பார், பின்னால் இருப்பவருக்கு வீட்டில் கிடந்த ஹாஃப் ஃபேஸ். அந்தத் திறந்த ஹெல்மெட்டின் மைக்கில் காற்று நேராக மோதும். அந்த இரைச்சல் போய்ச் சேர்வது ஓட்டுபவரின் காதுக்கு. எனவே கையில் இருக்கும் பணத்தில், விலை உயர்ந்த இன்டர்காமும் பழைய ஹாஃப் ஃபேஸும் என்பதைவிட, சாதாரண இன்டர்காமும் இருவருக்கும் ஐ.எஸ். 4151 என்ற இந்திய ஹெல்மெட் தர முத்திரை உள்ள நல்ல ஃபுல் ஃபேஸும் என்று பிரித்துச் செலவழிப்பேன். சட்டப்படியும் பின்னால் இருப்பவருக்கு ஹெல்மெட் கட்டாயம்தானே.

அப்புறம் ஸ்பீக்கர். காதுத் துளைக்கு நேராக அது உட்கார வேண்டும். ஒரு விரல் அளவு தள்ளிப் போனாலே ஒலி பாதியாகிவிடும். "இந்த மாடல் சரியில்லை" என்று எழுதும் விமர்சனங்களில் பல இந்த வகைதான் என்பது என் சந்தேகம். விலை குறைந்த ஹெல்மெட்டுகளில் ஸ்பீக்கருக்குக் குழி இருக்காது. அதில் தடிமனான 40 மி.மீ. ஸ்பீக்கரைத் திணித்தால் காது நசுங்கும். குழி இல்லையென்றால் மெல்லிய ஸ்பீக்கர் உள்ள மாடலே நல்லது. தெர்மாகோலைக் குடையவோ ஓட்டில் துளை போடவோ வேண்டாம், அடிபடும்போது தலையைக் காப்பது அவைதான். ஒலியையும் அளவோடு வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலே 90 டெசிபெலைத் தாண்டிவிடும்; அதற்கும் மேல் பாட்டை ஏற்றினால் காதுக்குக் கேடு.

ஆளுக்கொரு கம்பெனி வாங்குவதும் தலைவலி. எல்லாக் கம்பெனியோடும் இணையும் என்று சொல்வார்கள், இணையும்தான். பெரும்பாலும் ஒரு கருவி மற்றதைப் போன் என்று நினைத்துக்கொண்டு இணையும். அந்த நேரம் உங்கள் உண்மையான போனுக்கு இடமில்லாமல் போகலாம். ஒரே மாடலை ஜோடியாக வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மாதத்துக்கு ஓரிரு முறை 60, 70 வேகத்தில் போகிற ஜோடிக்கு என் தேர்வு சீன செட்தான், மழைக்காலத்தில் கழற்றி வைத்துவிடலாம் என்ற நிபந்தனையோடு. ஐப்பசி மழையிலும் ஈ.சி.ஆரில் வண்டி எடுக்கிறவர்கள், நாள் முழுக்க நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறவர்கள் ஸ்பிரிட் ஜோடிக்குப் போகலாம். எதை வாங்கினாலும் திரும்ப அனுப்பும் அவகாசம் முடிவதற்குள், பின்னால் ஆளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் எல்லா மாடலும் நன்றாகத்தான் கேட்கும்.