ஆண்டிபட்டிக் கணவாயில் ஆரம்பித்த உதறல்: ஆறு வருடமாக வீட்டு வாசலிலேயே மிஸ்ஸிங் பார்த்த அனுபவம்

2019 மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். மாமனார் வீட்டுக்குத் தேனிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும், யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல வண்டி உதறியது. டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கியரைக் குறைத்து, காலை லேசாக வைத்து ஏறினேன். உதறல் அடங்கியது, விளக்கு மட்டும் அணையவில்லை.

அன்றிலிருந்து இந்த வண்டியில் நான்கு முறை மிஸ்ஸிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது, வந்துவிட்டது. நான்கையும் மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியே சரிசெய்தேன். வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், தீப்பொறி தரும் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் கொடுக்கும் தனித்தனிக் காயில். 2017-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, இப்போது 1,28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு முறையும் அதே உதறல்தான். ஆனால் அது எப்போது உதறியது என்பதில்தான் விடை இருந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது.

முதலில் அந்த விளக்கைப் பற்றி. அணையாமல் ஒரே சீராக எரிந்தால் வீடு வரை மெதுவாக ஓட்டி வரலாம். விட்டுவிட்டு எரிந்தால், அந்த நிமிடமே எஞ்சின் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். ஒரு காயிலின் விலையைப் போலப் பல மடங்கு அதன் விலை. அதனால் அந்த மாதிரி எரியும்போது காலை எடுத்துவிட வேண்டும், முடிந்தால் ஓரம் கட்டிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் ஒரு வாரம் அப்படியே ஓட்டிவிட்டு, பிறகு வண்டியே இழுக்கவில்லை என்று நின்றார்.

அந்த முதல் தடவை நான் செய்தது தப்பு. ஊர் திரும்பியதும் பிளக்தான் என்று முடிவு கட்டி நான்கு பிளக்கையும் மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு நான்கு காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கிளீனிங், எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவான திராட்டில் பாடிக்குக் கிளீனிங் என்று பெரிய எஸ்டிமேட் கொடுத்தார்கள். எந்தச் சிலிண்டர் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் சொன்னார்: "தம்பி, எதையும் வாங்காத. மொதல்ல எந்தச் சிலிண்டர்னு கண்டுபிடி. அப்புறம் இருக்கிறதையே இடம் மாத்திப் பாரு."

750 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் செருகி, செல்போனில் ஒரு செயலியைத் திறந்தால் போதும். பிழைக் குறியீடு, அதாவது கோடு (code), வந்தது: P0303. கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். P0301 என்றால் ஒன்றாவது, P0304 என்றால் நான்காவது. P0300 என்று வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று அர்த்தம். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனர் சிலிண்டரைத்தான் காட்டும், கெட்ட பொருளைக் காட்டாது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் சுழலும் வேகத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஒரு தள்ளு வாங்கி வேகமெடுக்க வேண்டும். மூன்றாவதன் முறை வரும்போது அந்தத் தள்ளு இல்லை, அவ்வளவுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தீப்பொறி இல்லையா, பெட்ரோல் வரவில்லையா, காற்று ஒழுகுகிறதா, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் போய்விட்டதா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெட்ரோல் சரியில்லை என்று எல்லாரும் சொல்வதை இங்கேயே தள்ளிவிடலாம். நான்கு சிலிண்டரும் குடிப்பது ஒரே டாங்க் பெட்ரோல். கெட்ட பெட்ரோல் என்றால் நான்கும் தடுமாற வேண்டும். மூன்றாவது மட்டும் அடம்பிடித்தால் பங்க்கைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்துகொண்டு வரலாம். மூன்றாவது காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டேன். ஸ்கேனரில் அந்தக் கோடை அழித்துவிட்டு நாகமலையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டினேன். இந்த முறை P0302. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லாமல் காயில்தான் என்று உறுதியானது. இடம் மாற்றியும் P0303-ஆகவே இருந்திருந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பேன், அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். நான்கு பிளக்கை வீணாக வாங்கியதற்கு முன்னால் இது தெரிந்திருக்கலாம்.

2,100 ரூபாய்க்குப் புதுக் காயில் போட்டேன். வண்டி பட்டுப்போல ஓடியது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

2020 டிசம்பரில் அதே கணவாய், அதே உதறல், அதே P0303. பத்தொன்பது மாதத்தில் புதுக் காயில் போய்விட்டது. மட்டமான பொருள் என்றுதான் முதலில் தோன்றியது. இந்த முறை அவசரப்படாமல் காயிலை வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கீழே நீண்டு பிளக்கை மூடும் ரப்பர் உறையான பூட்டின் (boot) முனை பளபளத்தது. விரலால் தொட்டால் எண்ணெய். ரப்பர் ஊறி, இட்லி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. பூட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கறுப்புத் தடம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் அதே கோடு. மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல் இந்த வழியாகத் தப்பித்து ஹெட்டுக்குப் போயிருக்கிறது. டார்ச்சை அடித்துப் பிளக் குழிக்குள் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்பூன் அளவு எஞ்சின் ஆயில் தேங்கி நின்றது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் உதறியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. காலை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் தேவை. ஊறிப்போன ரப்பர் பக்கம் வழி இருந்தால் கஷ்டப்பட்டுத் தாண்டுவதைவிட அந்தப் பக்கமே போய்விடும். சமதளத்தில் மெதுவாகப் போனால் குறைந்த வோல்ட்டே போதும், அதனால் தெரியாது.

ஆக 2019-லேயே கெட்டது காயில் மட்டும் இல்லை. எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவருக்குள் இருக்கும் பிளக் குழாய் சீல் கெட்டு ஆயிலைக் கசியவிட்டது, ஆயில் ரப்பரைக் கெடுத்தது, ரப்பர் காயிலைக் கெடுத்தது. நான் கடைசியில் இருந்ததை மட்டும் மாற்றியிருக்கிறேன். 2,100 ரூபாய்க் காயிலைத் தின்றது இந்தச் சீல்தான், டேப்பட் கவர் பேக்கிங்கோடு சேர்த்து அதன் விலை அப்போது 650 ரூபாய்.

பேக்கிங் மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய பேக்கிங் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டாமல் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துகள் உள்ளே விழுந்தால் அது வேறு வினை. டைமிங் கவர் சேரும் இரண்டு மூலையில் மட்டும் கடுகளவு அனபாண்ட் பசை. போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு சுற்றாக முறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கவர் வளைந்து மறுபடியும் ஒழுகும். பிளக்கைக் கழற்றும் முன் குழியில் இருந்த ஆயிலைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துவிட்டு, சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். அதைச் செய்யாமல் கழற்றினால் மண்ணும் ஆயிலும் நேராகப் பிஸ்டன் தலையில் விழும். புதுப் பிளக்கை ஒரு ரப்பர் ஹோஸ் துண்டில் செருகிக் கையாலேயே சுற்றி இறக்கினேன். மரை மாறிப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஸ்பானர் வழுக்காது, ஹெட்டைக் கெடுத்துவிட்டுத்தான் நிற்கும். கடைசி முறுக்கு, எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் டார்க் ரென்ச்சில். இந்த ஆறு வருடத்தில் நான் வாங்கியதிலேயே பிடித்த கருவி அந்த டார்க் ரென்ச்தான்.

அதற்குப் பிறகு இன்றுவரை பிளக் குழி காய்ந்தே இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் காயிலும் நன்றாக இருக்கிறது.

2022-இல் வந்தது எலி வேலை. வீட்டுக்குப் பின்னால் வயல், அறுவடை முடிந்தால் எலிக்கு எங்கள் பானெட்தான் வீடு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று காலில் நிற்பது போல எஞ்சின் ஆடியது, நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி. P0304, கூடவே P0204. இரண்டாவது கோடு நான்காவது இன்ஜெக்டரின் மின்சுற்றைச் சொல்கிறது. நேராக அங்கே கை வைத்தால் ஒயர் கடிபட்டுத் தொங்குகிறது. சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு அரை மணி நேரத்தில் முடிந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 2024 நவம்பர், மழைக்காலம். காளவாசல் சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கும். பின் சீட்டிலிருந்து அக்கா மகன், "மாமா, வண்டிக்குக் குளிருதா?" என்று கேட்டான். சிக்னல் விழுந்து கிளம்பிவிட்டால் ஒன்றும் இல்லை. கணவாயில்கூட அருமையாக ஏறியது. கோடு P0300, அதோடு P0171. பழக்க தோஷத்தில் காயில்களை இடம் மாற்றினேன், எதுவும் நகரவில்லை. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். 2019-இல் ஏற்றத்தில் உதறியது, நின்றால் அடங்கியது. இப்போது நேர் எதிர். P0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கை, பார்த்தேன். சும்மா நிற்கும்போது கூட்டல் 22, ஆர்பிஎம்மை 2,500-க்கு ஏற்றினால் 6-க்கு இறங்கியது. எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, கம்ப்யூட்டர் அதற்கு ஈடுகட்டப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் சும்மா நிற்கும்போது திராட்டில் மூடியிருப்பதால் எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக்கில் உறிஞ்சல் அதிகம், கீறல் வழியாகப் போகும் காற்றும் மொத்தத்தில் பெரிய பங்கு. காலை அழுத்தினால் திராட்டில் திறந்து நிறையக் காற்று முறைப்படி வந்துவிடும், ஓட்டைக் காற்று அதில் கரைந்துபோகும்.

கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். சூடான எஞ்சினில், வீட்டு வாசலில் அதை நான் செய்யமாட்டேன், தீப்பிடிக்கும் பொருள். சோப்புத் தண்ணீரைச் சின்ன ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, எஞ்சின் ஓடும்போது ஒயர், கனெக்டர் பக்கம் படாமல் ஹோஸ் இணைப்பு ஒவ்வொன்றிலும் லேசாகத் தெளித்தேன். டேப்பட் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிரீதர் ஹோஸின் வளைவில் தெளித்ததும் நுரை சர்ரென்று உள்ளே இழுக்கப்பட்டது. ஒரு நொடி நடுக்கம் நின்றது. ஹோஸைக் கழற்றி வளைத்தால் அடிப்பக்கம் விரல்நக நீளத்துக்கு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் கண்ணில் படாது. பத்து வருட ரப்பர், மதுரை வெயில். புது ஹோஸ் போட்டதும் டிரிம் 3-க்கு வந்தது.

இப்போது யாராவது வண்டி மிஸ் அடிக்கிறது என்று வந்தால் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் எப்போது என்றுதான் கேட்கிறேன். ஏற்றத்தில், இழுவையில் என்றால் முதலில் காயில், பிளக், பூட் பக்கம் போகிறேன். நின்றால் மட்டும் என்றால் காற்றுக் கசிவு. எப்போதும் ஒரே சிலிண்டர் செத்தே கிடந்தால் ஒயர், இன்ஜெக்டர், அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன். விதிவிலக்கு உண்டு, ஆனாலும் தொடங்க நல்ல இடம் இது.

ஸ்கேனரைப் பற்றி ஒரு குறை. அதைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனேன், பத்து நாள் கழித்து வந்தால் பேட்டரி இறங்கியிருந்தது. வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். பிழைக் கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் என்று இருப்பதைப் படித்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கோளாறு விழுந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, எஞ்சின் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த எப்போது என்ற கேள்விக்கு நம் ஞாபகத்தைவிட அது நல்ல சாட்சி. பேட்டரி ஒயரைக் கழற்றி விளக்கை அணைப்பவர்கள் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

போன மாதம் பட்டறை அண்ணனிடம் கேஜ் வாங்கி, எஞ்சின் சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன் பார்த்தேன். மற்றபடி சூட்டில் நான் பிளக்கைக் கழற்றமாட்டேன், இதற்கு மட்டும் மிதமான சூடு வரை ஆறவிட்டு, நிதானமாகக் கழற்றினேன். நான்கும் 165-லிருந்து 170 பிஎஸ்ஐக்குள் நின்றன. இரண்டாவது காயிலின் பூட் ரப்பர் மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. எண்ணெய் இல்லை, கறுப்புத் தடமும் இல்லை. தேதியும் கிலோமீட்டரும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், 1,30,000-இல் மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும்.