செந்தோசாவில் மதியச் சாப்பாடு: கட்டுச்சோறா, விவோசிட்டி ஃபுட் கோர்ட்டா?

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் இதே வழக்குத்தான். சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டிலேயே பர்ஸ் இளைத்துவிடும். சாப்பாட்டிலாவது மிச்சம் பிடிக்கலாமே என்று வீட்டிலிருந்து கட்டுச்சோறு, தீவுக்கு எதிரேயுள்ள விவோசிட்டி கடைத்தொகுதியின் ஃபுட் கோர்ட் என இரண்டையும் செய்து பார்த்தோம்.

செலவு: நான்கு பேருக்குப் புளிச்சோறு, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டினால் 10 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்தது. ஃபுட் கோர்ட்டில் பானத்தோடு 40 வெள்ளியைத் தொட்டது.

சிரமம்: இங்கேதான் கட்டுச்சோறு தோற்கிறது. பூங்காவுக்குள் வெளிச்சாப்பாடு கூடாது. பையை லாக்கரில் பூட்டிவிட்டு, மதியம் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, செந்தோசா எக்ஸ்பிரஸில் கடற்கரைக்குப் போக வேண்டும். தீவுக்குள் அந்த ரயில் இலவசம்தான், ஆனால் பசித்த பிள்ளைக்கு அது புரியுமா? விவோசிட்டிக்கோ போர்டுவாக் என்ற நடைபாதையில் நடந்தே போய்விடலாம்.

வெயில்: விவோசிட்டியில் குளிரூட்டி. கடற்கரையில் நிழல் தேட வேண்டும்.

கெடாமல் இருப்பது: புளிச்சோறு மாலைவரை தாங்கும். தயிர்சாதத்தில் பாலைக் கூட்டி, தயிரைக் குறைத்துப் பிசைந்தால்தான் புளிக்காது.

ஒரு எச்சரிக்கை: செந்தோசாவில் மயில்கள் கூச்சமே படாது. எங்கள் அப்பளம் பாதி அதற்குத்தான் போனது!

கைக்குழந்தையோ வயதான அத்தையோ உடன் வந்தால் யோசிக்காமல் விவோசிட்டிக்குப் போங்கள். யூனிவர்சலுக்குப் போகாமல் கடற்கரையில் மட்டும் பொழுதைக் கழிக்கிறீர்களா? கட்டுச்சோறுதான், கூடவே ஒரு பாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.