பத்து நாள் முகாமா, தெருவிலேயே பஞ்சசீலமா?

பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டார்: "புத்தர் வழியைப் பழகணும். விபாசனா முகாமுக்குப் போகவா, இங்கேயே ஐந்து சீலத்தைப் பிடிக்கவா?" விபாசனா என்பது மூச்சையும் உடல் உணர்வையும் கவனிக்கும் தியானம். ஐந்து சீலம், அதாவது பஞ்சசீலம்: கொல்லாமை, திருடாமை, தகாத காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல்.

செலவு: எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் முகாமில் கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் தானம் தரலாம். ஆனால் பத்து நாள் கடைக்குப் பூட்டு. சீலத்துக்குக் காசே வேண்டாம், எடையில் கை வைக்காமல் இருந்தால் போதும். (அதுதான் பெரிய செலவு என்று சிரித்தார்.)

எளிமை: முகாமில் காலை 4 மணிக்கு மணி அடிக்கும், சக பயிற்சியாளரோடு பேச்சு கூடாது. பேச ஆளில்லாத இடத்தில் பொய் சொல்லாமல் இருப்பது சுலபம்தானே! தெருவில் அப்படியா? குழாயடியில் ஒரு குடம் முந்தினால் வாய் தானாகத் திறக்கும். புத்தர் சொன்ன நல்வாய்மை, அதாவது நல்ல பேச்சு, பொய்யோடு நிற்கவில்லை. கோள், கடுஞ்சொல், வீண்பேச்சையும் விலக்கச் சொல்கிறது. கொல்லாமை, திருடாமையைவிட நம் தெருவில் அடிக்கடி உடைவது இதுதான்.

நிலைப்பு: தினமும் தியானத்தில் உட்காராவிட்டால் முகாம் அமைதி, தாமிரபரணி வெள்ளம்போல வடிந்துவிடும். சீலத்துக்கோ தினமும் பரீட்சை.

சட்டென்று கோபம் வருகிறவருக்கு முகாம். பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் உள்ளவருக்குச் சீலம். அண்ணாச்சியிடம், "நாளைக்கே தராசிலிருந்து தொடங்குங்க, தீபாவளி யாவாரம் முடிஞ்சதும் முகாமுக்குப் போங்க" என்றேன்.