கீப்பிங் கிளவுஸ்: விலையைப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையைப் பாருங்கள்

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போடும் கீப்பிங் கிளவுஸை ரூ.1,500 அளவிலிருந்து ரூ.6,000 தாண்டியும் விற்கிறார்கள். எஸ்ஜி, எஸ்எஸ் போன்ற மீரட் கம்பெனிகளிடம் எல்லாத் தரமும் உண்டு. நாள் முழுக்கக் கீப் பண்ணிவிட்டு மேல் வரிசையில் பேட்டும் பிடிக்கிறவருக்கு எது சரி என்பதுதான் கேள்வி.

அவருக்கு விரல்தான் மூலதனம். கீப்பிங் பேட்டிங்கை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இலங்கையின் சங்கக்காரவே உதாரணம்: கீப்பராக ஆடிய 48 டெஸ்டில் பேட்டிங் சராசரி 40.48, கீப் பண்ணாமல் ஆடிய 86 டெஸ்டில் 66.78. ஆடிய 96 டெஸ்டிலும் கீப் செய்து 47.60 வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் விதிவிலக்கு.

மலிவு ரகத்தில் உள்ளங்கையில் பஞ்சை அடைத்து வைத்திருப்பார்கள். கடையில் போட்டுப் பார்க்க மெத்தென்று இருக்கும். ஆடும்போது பந்து கையில் உட்காராது, தெறிக்கும். நல்ல கிளவுஸில் உள்ளங்கை மெலிசு. அடி தாங்குவது உள்ளே போடும் மெல்லிய உறையான இன்னர். என் கணக்கில், நடுத்தர விலைக் கிளவுஸும் ஷாமி என்ற மென்மையான தோல் வைத்த இரண்டு ஜோடி இன்னரும் போதும். உச்ச விலை ரகத்தில் கூடுதலாகக் கிடைப்பது மென்மையான தோலும் சீக்கிரம் பழகும் வசதியும். வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடுகிறவருக்கு அது வீண்செலவு.

கடையில் இன்னரோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனி கிளவுஸின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். இடம் மிஞ்சினால் பந்து பட்டதும் நுனி பின்னால் மடங்கும், விரல் பிசகுவது அப்போதுதான். அடுத்து இரண்டு சுண்டுவிரலையும் ஒட்டி வைத்துக் கையைக் குவியுங்கள். ஆள்காட்டி, நடுவிரல்களின் அடிப்பக்கத்தில் குழி விழ வேண்டும். மடிப்பு கட்டைவிரல் அடியில் விழுந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழகினாலும் சரியாகாது.

விரல்களுக்கு நடுவில் தைத்திருக்கும் இணைப்புத் துண்டான வெப்பிங்கை யாரும் கவனிப்பதில்லை. கிரிக்கெட் விதி 27-இன்படி அது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் இருக்கலாம். இழுத்தால் நீளாத ஒரே துண்டாக இருக்கணும். கட்டைவிரலை முழுக்க விரித்தால் விறைப்பாக நிற்க வேண்டும், மேல் விளிம்பு இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோட்டைத் தாண்டக் கூடாது. தொளதொளவென்று பை மாதிரி தொங்கினால் அம்பயர் கேள்வி கேட்பார்.

புது ஜோடியை நேராக மேட்சுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் சுவரில் டென்னிஸ் பந்து அடித்துப் பிடிக்கணும், பிறகு பழைய லெதர் பந்தை ஒருவர் எறிய, பிடித்துப் பழகும் த்ரோ-டவுன். புதுப் பந்து கடைசியில்தான். சீக்கிரம் பழகட்டும் என்று எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு; உள்ளங்கை ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போச்சு.

இன்னரை லேசாக ஈரம் பண்ணிப் போட்டால் கையோடு ஒட்டி நிற்கும். ஆனால் சென்னை வெயிலில் வியர்வையில் ஊறிவிட்டால் கை உள்ளே வழுக்கும். இரண்டாவது ஜோடி அதற்குத்தான், செஷன் இடைவேளையில் மாற்றிவிடலாம். ஆடி முடித்ததும் இன்னரைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கிளவுஸை வெயிலில் வைக்கவே கூடாது, தோல் விறைத்து ரப்பர் வெடிக்கும். குழியில் ஒரு பழைய பந்தை வைத்துக் கிட் பேக்கின் மேல்பக்கம் வையுங்கள். பேட்டுக்கும் பேடுக்கும் அடியில் நசுங்கினால் பழகின வடிவம் கெடும்.

முதலில் தேய்வது குழியில் இருக்கும் ரப்பர் புள்ளிகள். பளபளப்பு வந்தால் பலநேரம் அது தூசிதான், ஈரத்துணியால் துடைத்தால் போகும். புள்ளிகளே மழுங்கியிருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். வெப்பிங் தையல் விட்டாலும் தைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் காப்பு தளர்ந்து ஆடினால் மட்டும் ரிப்பேருக்குக் கொடுக்காமல் வேறு ஜோடி வாங்கிவிடுங்கள்.